தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா? அமெரிக்காவின் ‘10 ரவுண்டு’ வழக்கும் நம்ம ஊர் சட்டமும்

பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் சொந்த ஊர் இருப்பவர்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. பையனோ பொண்ணோ திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், இல்லையென்றால் கோவையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலை. அப்பாவும் அம்மாவும் மட்டும் தோட்டத்து வீட்டில். பக்கத்து வீடு என்பது அரை கிலோமீட்டர் தள்ளி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாய் குரைத்தால்கூட யார் வந்திருப்பார்கள் என்று வெளியே வந்து பார்க்க பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் என மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அந்த வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலையிலும் தொடர்பு இருப்பதாக போலீஸ் சொன்னது. அதன் பிறகு ரோந்து அதிகமானது, சிசிடிவி விற்பனை சூடு பிடித்தது. கூடவே டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு கேள்வி கிளம்பியது: “பேசாம ஒரு துப்பாக்கி லைசென்ஸ் போட்டுடலாமா?”

கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு சேர்த்து யூடியூப்பில் ஒரு வாதமும் ஃபார்வர்டு ஆகிறது. “அமெரிக்காவுல பாரு, துப்பாக்கி வெச்சுக்கிறது அடிப்படை உரிமை. இங்க மட்டும் ஏன் இல்ல?” இதற்குப் பதில் சொல்ல முதலில் அமெரிக்காவில் இப்போது என்ன சண்டை என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே பிரச்சினை துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை. அதைத் தாண்டி, எத்தனை குண்டு என்பதில் வந்து நிற்கிறார்கள்.

மேகசின் என்றால் பத்திரிகை இல்லை

துப்பாக்கியின் கைப்பிடிக்குள்ளோ அடியிலோ செருகும் குண்டுப் பெட்டிக்குத்தான் மேகசின் என்று பெயர். அதில் எத்தனை ரவுண்டு இருக்கிறதோ, அத்தனை முறை நிறுத்தாமல் சுடலாம். தீர்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும். அந்த மாற்றும் சில நொடியில் பாதிக்கப்பட்டவர்கள் தப்பி ஓட முடியும், யாராவது பாய்ந்து மடக்க முடியும் என்பதுதான் கட்டுப்பாடு கேட்பவர்களின் வாதம்.

கலிஃபோர்னியா மாநிலம் 10 ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களை விற்பதற்கு 2000-லிருந்தே தடை வைத்திருக்கிறது. 2016-ல் ஒரு படி மேலே போய், ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களும் வைத்திருக்கக் கூடாது என்று வாக்கெடுப்பு நடத்திச் சட்டம் போட்டார்கள். 2017-ல் இதை எதிர்த்து வழக்கு. ‘டங்கன் எதிர் போண்டா’ என்று இன்றைக்கு அழைக்கப்படும் அந்த வழக்கு போன பாதை ஒரு மெகா சீரியல் கதை.

2019 மார்ச்சில் சான் டியாகோ மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் தடையை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படும் வரை கிடைத்த ஒரு வாரத்தில் மாநிலம் முழுக்க ஆட்கள் மேகசின்களை வாங்கிக் குவித்தார்கள். அந்த வாரத்துக்கு ‘சுதந்திர வாரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2021-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘புருயென்’ என்ற வேறு வழக்கில் ஒரு புது அளவுகோலைக் கொண்டு வந்து, இந்த வழக்கையும் மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2023-ல் அதே பெனிடெஸ் மறுபடியும் தடையை ரத்து செய்தார். 2025 மார்ச் 20-ல் ஒன்பதாவது சர்க்யூட்டின் 11 நீதிபதிகள் அமர்வு 7-4 என்ற கணக்கில் தடை செல்லும் என்று மறுபடியும் தீர்ப்பளித்தது.

புருயென் அளவுகோல் என்ன? ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்று பார்க்க, ‘இதனால் பொதுமக்களுக்கு என்ன நன்மை’ என்று எடை போடக் கூடாது. அமெரிக்க வரலாற்றில் இதே மாதிரி கட்டுப்பாடு மரபு இருந்ததா என்று பார்க்க வேண்டும். அதனால் 2025-ல் நீதிபதிகள் உட்கார்ந்து 18-ஆம் நூற்றாண்டு வெடிமருந்துச் சேமிப்பு விதிகளையும், காட்டில் விலங்குக்கு வைக்கும் பொறித் துப்பாக்கித் தடைகளையும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் அடிப்படை ஒரு எளிய கேள்வி: பெரிய மேகசின் ‘ஆயுதமா’, வெறும் ‘துணைப் பொருளா’? துணைப் பொருள்தான், அது இல்லாமலும் துப்பாக்கி வேலை செய்யும், அதனால் அரசியல் சாசனப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்றது பெரும்பான்மை. இதை மறுத்த நீதிபதி லாரன்ஸ் வான்டைக், தன் அறையில் கைத்துப்பாக்கிகளைப் பிரித்துக் காட்டி ஒரு வீடியோ எடுத்து, அதைத் தன் மாறுபட்ட தீர்ப்போடு யூடியூப்பில் போட்டார். சக நீதிபதிகளே இதை ரசிக்கவில்லை.

இந்த வழக்கில் நம்ம ஊர் பேச்சுக்கு நேரடியாக உதவுகிற ஒரு எண் இருக்கிறது. தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுப்பவர்கள் சராசரியாக 2.2 ரவுண்டுதான் சுடுகிறார்கள் என்று அரசுத் தரப்பு சாட்சி ஒருவர் கணக்குக் காட்டினார். அப்படியென்றால் பதினைந்தும் முப்பதும் யாருக்கு என்பது அரசின் வாதம். பதினொன்றாவது குண்டு தேவைப்படுகிறவனுக்குச் சராசரி எதற்கு என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லப்போகிறது? ரோட் ஐலண்ட் மாநிலத்தின் இதே மாதிரித் தடையை எதிர்த்த மனுவை 2025 ஜூன் 2-ல் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. மூன்று நீதிபதிகள் எடுக்கலாம் என்றார்கள். எடுப்பதற்கு நான்கு பேர் வேண்டும். கலிஃபோர்னியா வழக்கிலும் மனுதாரர்கள் உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

ஆக, ‘அமெரிக்காவில் உரிமை’ என்று ஒரே வரியில் சொல்வது பாதி உண்மை. உரிமை உண்டு, 2008 ஹெல்லர் தீர்ப்பு அதைத் தனிநபர் உரிமை என்று உறுதி செய்தது. அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்பதற்குத்தான் இன்னும் வழக்கு நடக்கிறது.

நம்ம அரசியல் சாசனத்தில் ஒரு சொல்

இந்தியாவில் கதை வேறு. சட்டப்பிரிவு 19(1)(பி) கூட்டம் கூடும் உரிமையைத் தருகிறது, ஆனால் ‘அமைதியாக, ஆயுதமின்றி’ என்ற நிபந்தனையோடு. அடிப்படை உரிமைகள் பகுதியில் ஆயுதம் என்ற பேச்சு வரும்போதே அது இல்லாமல் என்றுதான் வருகிறது.

இது தானாக நடந்தது இல்லை. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. அந்த அவமானம் சுதந்திரப் போராட்டக்காரர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. உப்பு சத்தியாகிரகத்துக்கு முன் 1930-ல் காந்தி வைத்த 11 கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதும் ஒன்று. ஆமாம், அகிம்சைக்காரர் காந்திதான். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் விதிமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

அதை நினைவுபடுத்தித்தான் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சுதந்திர நாட்டில் பேச வேண்டியது ஆயுதம் ஏந்தும் உரிமையை அல்ல, தேவைப்படும்போது ஏந்தும் கடமையைத்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். திருத்தம் விழுந்தது.

நீதிமன்றங்களில் ஒரே ஒரு முறை இது தடம் மாறிப் பார்த்தது. 1993-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி மார்கண்டேய கட்ஜு, தடை செய்யப்படாத துப்பாக்கியை வைத்திருப்பது 21-ஆவது பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தார். (பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த அதே கட்ஜுதான்.) இரண்டே வருடத்தில், 1995-ல், அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைத் தூக்கிப் போட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி தொடர்பான உத்தரப் பிரதேச ஜாமீன் வழக்கு ஒன்றில், அமெரிக்கா மாதிரி இங்கே ஆயுத உரிமையை சாசனம் தரவில்லை என்று குறிப்பிட்டது. அந்த விவகாரத்தைத் தானாக முன்வந்து கையில் எடுத்த உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில் கள்ளத் துப்பாக்கிகளைக் கண்காணிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது.

அப்போ கேட்கவே முடியாதா? முடியும்

பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ‘உரிமை இல்லை’ என்பதற்கும் ‘கிடைக்காது’ என்பதற்கும் நடுவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு வரிசை தெரியும். ஒன்று, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள, உள்பக்கம் மரை இல்லாத நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவர்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி கேட்பவர்கள். இவர்களுக்கு 14-ஆவது பிரிவில் சொன்ன தடை எதுவும் இல்லையென்றால் அதிகாரி லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். இரண்டாவது வரிசை, ரிவால்வர், பிஸ்டல் மாதிரியானவை. இதற்கு ‘தகுந்த காரணம் இருக்கிறது’ என்று அதிகாரி திருப்தி அடைந்தால்தான்.

சினிமாவில் பண்ணையார் சுவரில் மாட்டியிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி முதல் வரிசை. இடுப்பில் செருகும் சமாச்சாரம் இரண்டாவது. லைசென்ஸ் கேட்டுப் போகிற பலர் நேராக இரண்டாவதற்குப் போய் முட்டிக்கொண்டு, ‘யாருக்கும் தர்றதில்லைங்க’ என்று திரும்பி வருகிறார்கள்.

2016 ஆயுத விதிகள் இரண்டாவது வரிசைக்கான காரணங்களில், தொழிலின் தன்மையால் உயிருக்கோ சொத்துக்கோ பாதுகாப்பு உண்மையிலேயே தேவைப்படுபவர்களையும் சேர்க்கின்றன. திருப்பூரில் இது சும்மா ஏட்டில் உள்ள வரி இல்லை. சனிக்கிழமை சம்பளம் இங்கே வாரா வாரம் நடக்கிற விஷயம். முழுக்க ஜிபே ஆகாத காலத்தில் பேங்கில் இருந்து கம்பெனி வரைக்கும் பையில் பணம் தூக்கிக்கொண்டு வந்த ஓனர்கள் உண்டு.

விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர் அலுவலகமும் இதில் வரும். படிவம் ஏ-1, மருத்துவச் சான்று, அடையாள ஆவணங்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும். உள்ளூர் ஸ்டேஷன் உங்களைப் பற்றி அறிக்கை கொடுக்கும். வழக்கு இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் தகராறா, வரப்புச் சண்டையா என்று எல்லாம் வெளியே வரும். வீட்டில் பூட்டி வைக்க வசதி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். கிடைத்தால் ஐந்து வருடத்துக்கு லைசென்ஸ், தேசியத் தரவுத்தளத்தில் உங்களுக்கென்று ஒரு தனி எண்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொது நலன் கருதி விண்ணப்பதாரரிடம் காரணத்தைச் சொல்லாமல் இருக்க மட்டும் விதிவிலக்கு உண்டு. ‘உனக்கு அவ்வளவு சொத்து இல்லையே’ என்பதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 14-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. லைசென்ஸ் பெரிய தோட்டக்காரருக்கு மட்டுமான விஷயம் என்ற நினைப்பு ஊருக்குள் ஆழமாக இருக்கிறது. மேல்முறையீடு உண்டு, அதுக்கப்புறம் உயர் நீதிமன்றம் உண்டு. நீதிமன்றம் பொதுவாக ‘கொடுத்துவிடு’ என்று நேரடியாகச் சொல்லாது. காரணம் சரியில்லை என்றால் மறுபடி பரிசீலிக்க அனுப்பும்.

எத்தனை துப்பாக்கி, எத்தனை குண்டு?

அமெரிக்காவின் 10 ரவுண்டு சண்டை இங்கே ஏன் வரவே இல்லை என்பதற்கு விடை துப்பாக்கி வகைப்பாட்டிலேயே இருக்கிறது. தானியங்கித் துப்பாக்கியும், பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்களும் இங்கே தடைப் பட்டியலில் உள்ளன. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்எம் குண்டு சுடும் பிஸ்டலும் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனால்தான் லைசென்ஸ் வாங்குபவர்கள் .32 பக்கம் போகிறார்கள். அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரில் ஆறு குண்டு. இரட்டைக்குழலில் இரண்டே இரண்டு. ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு ராணுவக்காரர் கையில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். மொத்தம் எத்தனை தோட்டா ஒரு நேரத்தில் வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

எண்ணிக்கையில் இங்கே நடந்த ஒரே பெரிய சண்டை 2019-ல். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்க மத்திய அரசு மசோதா கொண்டு வந்தது. பஞ்சாபின் அப்போதைய முதல்வர் அமரீந்தர் சிங் உட்படப் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் இரண்டு என்று முடிந்தது; கூடுதலாக இருந்ததை ஒப்படைக்க ஒரு வருட அவகாசம். அதே திருத்தம் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையை 2 முதல் 5 வருடம் என்று உயர்த்தியது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிரை ஆபத்தில் தள்ளினால் 2 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விலக்கு பெற்றவர்களும் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே, குடகு மலையில். குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்தில் இருந்து லைசென்ஸ் விலக்கு தொடர்கிறது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ‘சாதி அடிப்படையில் சலுகையா’ என்று போடப்பட்ட வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. ஆக ஒரு மாநிலம் தாண்டினால் அங்கே பரம்பரை வழக்கம், இங்கே படிவம் ஏ-1.

காட்டுப்பன்றிக் கணக்கு தனி

உடுமலை, மடத்துக்குளம் பக்கம் துப்பாக்கி என்றால் திருடன் ஞாபகம் வராது, பன்றிதான் வரும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுடும் அதிகாரம் அதோடு வருவதில்லை. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவு செய்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவின் பேரில் லைசென்ஸ் உள்ளவர்கள் சுடலாம் என்றாக்கிவிட்டார்கள். மயிலைப் பற்றி யாரும் கேட்கவே வேண்டாம்: முதல் அட்டவணை, குறைந்தது 3 வருடம் உள்ளே.

சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு?

சட்டம் உங்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமைதான். பொழுது சாய்ந்து விடியும் முன் வீட்டை உடைத்து நுழைபவரை, கொள்ளையடிக்க வருபவரைத் தடுக்கும்போது உயிர்ச்சேதம் ஏற்பட்டாலும் அது குற்றமாகாத சூழல் உண்டு என்கிறது 41-ஆவது பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆவது பிரிவு கடிவாளமும் போடுகிறது. வந்தவன் திரும்பி ஓடும்போது முதுகில் சுட்டால் கதை மாறும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருந்தால், தற்காப்பு நிரூபணமானாலும் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக ஓடும்.

அதாவது தற்காத்துக்கொள்வது உரிமை, அதற்கான கருவி அனுமதி. அமெரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

நடைமுறையில் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. இரண்டு சம்பவங்களிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். விதிப்படி துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். எழுபது வயது ஆள் தூக்கத்தில் இருந்து எழுந்து, கண்ணாடி தேடி, சாவி தேடி, தோட்டா போட்டு நிமிர எத்தனை நிமிடம்? எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மகன் பெங்களூருவில், துப்பாக்கி பீரோவில் என்றால், நகையோடு அதையும் சேர்த்து எடுத்துப் போவார்கள் என்ற பயம்தான் அதிகம். ஆனால் இரவில் தோட்டத்திலேயே தங்கும், கை நடுங்காத, பயிற்சி எடுத்த ஒருவர் இருக்கிற வீட்டில் கணக்கு வேறாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டால், அதைக் கிடப்பில் போடாமல் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் வேலை.

ஏற்கனவே தாத்தா காலத்து லைசென்ஸ் வீட்டில் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். வைத்திருப்பவர் 70 வயதைத் தாண்டியிருந்தாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. அவர் காலமான பிறகு ‘அப்பாவோடது, கிடக்கட்டும்’ என்று பரணில் விட்டுவைத்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, மேலே சொன்ன 2 முதல் 5 வருடப் பிரிவுக்குள் வரும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் இருந்து போன் வரும், ஒப்படைக்கச் சொல்வார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைய வழிகாட்டுதல் சொல்லவில்லை. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், கலவரத்தில் பெயர் அடிபட்டவர்கள் யார் யார் என்று ஸ்கிரீனிங் கமிட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒட்டுமொத்தமாக வாங்கி வைக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றமும் சொன்னது. தோட்டத்தில் தனியாக இருப்பவர், தன் நிலைமையைச் சொல்லி விலக்கு கேட்டு கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கலாம். ஒப்படைத்தால் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வந்த பிறகு திரும்ப வாங்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.